தெய்வாத்தாளின் இடது கண்

கொழிஞ்சாம்பாறைக்கு வெளியே இருக்கும் நூல் மில்லில் தெய்வாத்தாள் வேலைக்குச் சேர்ந்தபோது அவருடைய மகள் கைக்குழந்தை. இன்று அந்த மகளுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். வெகுகாலம் நூற்கும் இயந்திரங்களுக்கு நடுவே நடந்து நடந்து முழங்கால் தேய்ந்த பிறகு, கோன் சுற்றும் பகுதிக்கு மாறினார். சிறிய பாபின்களில் இருக்கும் நூலைப் பெரிய கோன்களில் ஏற்றும் இடம் அது. பச்சை பாபினில் மெல்லிய நூல், நீல பாபினில் தடித்த நூல். இரண்டும் கலந்துவிடக் கூடாது.

ஐம்பத்தைந்து வயதில் அவர் கண்ணில் புகை படிந்தாற்போல் ஆயிற்று. பஞ்சுத் தூசி என்று நினைத்துக் கழுவிப் பார்த்தார். வருவது கோபாலபுரம் பஸ்ஸா பாலக்காடு பஸ்ஸா என்று போர்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. முந்தைய வருடம் உடன் வேலை செய்த ஒருத்தி தலைசுற்றி விழுந்தாள். கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று அனுப்பியவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை. கணவர் இறந்த பிறகும் தன் சோற்றைத் தானே சம்பாதித்துச் சாப்பிடுகிறோம் என்ற தெம்பில்தான் தெய்வாத்தாள் நடமாடிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் ஒரு நாள், சோதனை மேசையில் சில கோன்கள் பிடிபட்டன. மெல்லிய நூலுக்கு இடையில் தடித்த நூல். சூப்பர்வைசர் கோபிநாத், பாபின் வண்டி தள்ளும் ரிஜினிடம் நேராகப் போனார்.

"ரெண்டு கலரையும் கலந்து வெச்சது நீதானே?"

"இல்ல சார். தனித்தனியாத்தான் வெச்சேன்."

"பின்னே தானா கலந்துச்சா? நாளைக்கு நீ வர வேண்டாம்."

இயந்திர இரைச்சலையும் மீறி அது தெய்வாத்தாள் காதில் விழுந்தது. தன் தட்டில் கிடந்த பாபின்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. எழுந்து போனார்.

"சார், அவனை வையாதீங்க. மாத்திப் போட்டது நானுங்க."

"நீங்களா?" கோபிநாத்தால் நம்ப முடியவில்லை.

"எனக்கு நீலமும் பச்சையும் ஒண்ணாத் தெரியுதுங்க. சொன்னா நிறுத்திப்போடுவீங்கன்னு பயந்துட்டேனுங்க."

கோபிநாத் ரிஜினைப் பார்த்து, "சரி, போ. உன்மேல தப்பில்ல" என்றார். தெய்வாத்தாளிடம் அவருடைய கோபம் தணியவில்லை. "முன்னாடியே சொல்லக்கூடாதா? மிஷின்ல கை மாட்டியிருந்தா யார் பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டார். பிறகு குரல் இறங்கியது. "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. புரையாத்தான் இருக்கும். போய்க் காட்டுங்க."

"வேலைங்க?"

"வேலை எங்க போகுது? இருக்கற ஆளே பத்தலை. கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க."

உடன் வேலை செய்யும் ஹஃப்ஸாதான் லீவு போட்டு அவரைப் பொள்ளாச்சிக்கு அழைத்துப் போனார். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர். ஊசி என்றதும் தெய்வாத்தாள் எழுந்து புறப்படப் பார்த்தார். ஹஃப்ஸா கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிரே ஹஃப்ஸாவின் முகம். முக்காட்டுக்கு வெளியே நெற்றி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக முடி.

"ஏம்புள்ளே, உனக்கு எப்ப இத்தனை நரைச்சுது?"

"ரெண்டு வருசமாச்சுங்கக்கா. உங்க கண்ணுக்குத் தெரியலைன்னு நானும் நிம்மதியா இருந்தேன்."

தெய்வாத்தாள் சிரித்தார். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. கண்ணில் நீர் படக்கூடாது என்று நர்ஸ் இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

ஒரு மாதம் தூசிப் பக்கம் போகாமல் மகள் வீட்டில் இருந்தார். மில்லுக்குத் திரும்பிய அன்று முதலில் ரிஜினைத் தேடிப் போனார்.

"என்னால உனக்கு ஏச்சு உழுந்துச்சு சாமி."

"அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருந்தா என் வேலைதானே போயிருக்கும்! விடுங்கக்கா," என்றான் அவன்.

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இனி இரவு ஷிப்ட் வேண்டாம் என்று அவராகவே கோபிநாத்திடம் கேட்டார். பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இத்தனை நாள் இதைக் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று ஹஃப்ஸாவிடம் சொல்லி ஆச்சரியப்பட்டார். வலது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.