ஊதா மீனுக்கு அடைக்கோழி

எம்.ரெட்டியபட்டி தங்கச்செல்விக்கு ஆட்டுக்குட்டி, பருத்தி, புருஷன் எல்லாம் வளர்க்கத் தெரியும். ரோசாச் செடி மட்டும் தெரியாது. நாத்தனார் கனகலட்சுமி ஆசையாய்க் கொடுத்த செடி அவள் கையில் கருகிப்போனது. அன்றிலிருந்து காதுகுத்தோ கருமாதியோ, பந்தியில் உட்கார்ந்ததும் கனகலட்சுமி ஆரம்பித்துவிடுவாள்.

"எங்க மதினி கையி அப்பிடி. கள்ளிச்செடியக் குடுத்தாலும் பட்டுப்போகும்."

சாம்பார் ஊற்றுகிறவன்கூடச் சிரிப்பான்.

அப்பேர்ப்பட்டவள், தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புமுன், குட்டையான ஊறுகாய் பாட்டிலில் வளர்த்த ஊதா ஃபைட்டர் மீனைத் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து தங்கச்செல்வியிடமே நீட்டினாள்.

"வேற ஆளு இல்ல மதினி. நான் வாரவரைக்கும் உசுரோட இருந்தாப் போதும்."

"இருக்கும். இருந்துச்சுன்னா, இனிமே பந்தியில ரோசாச் செடி பேச்சு வரக் கூடாது."

"சரி, வராது. செத்துச்சுன்னா மீனையும் சேத்துப் பேசுவேன்."

மறுநாள் விடியலில் பனி இறங்கியிருந்தது. மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நனைந்த கந்தல் மாதிரி அடியில் கிடந்தது. வாசல் வெயிலில் வைத்தாள். உச்சிப்பொழுதில் தண்ணீர் சுட்டு, மீன் வாயைப் பிளந்தது. உள்ளே வைத்தாள், விடிந்ததும் பழையபடி கந்தல். அருப்புக்கோட்டை மீன் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"சூடு ஒரே மாதிரி இருக்கணும்க்கா. ஏறி எறங்குனா தாங்காது. இத்தனூண்டு பாட்டிலுக்கு ஹீட்டரும் சரிப்படாது" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

ஒரே மாதிரிச் சூடா? தங்கச்செல்வியின் கண் மூலைக்குப் போனது. அங்கே மணல் பரப்பிய கூடையில் செவலைக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டைகளுக்கு நடுவே பாட்டிலைக் கழுத்துவரை புதைத்தாள். மூடியில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது, மூச்சுக்குக் குறைவில்லை.

கோழி பாட்டிலைக் கொத்தியது. மீன் சிலிர்த்து நின்று முறைத்தது. பிறகு கோழி யோசித்து, இறக்கையை விரித்து, பாட்டிலையும் அணைத்து உட்கார்ந்துவிட்டது.

புருஷன் கருத்தப்பாண்டி பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ செல்வி, பொரிச்சு வாரது நீந்துமா, கூவுமா?"

"ரெண்டும் செய்யும். நீங்க ஒண்ணாச்சும் செய்யிறீகளா?"

மீன் தெளிந்தது. கோழி இரைக்கு இறங்கும் நேரம் மட்டும் அவள் பாட்டில்மேல் பஞ்சைப் போட்டு மூடுவாள். கனகலட்சுமி பஞ்சாமிர்தத்தோடு வந்து இறங்கியபோது, மீன் ரோஷமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வருவது தெரிந்து தங்கச்செல்வி பாட்டிலை எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். ஆனாலும் கனகலட்சுமியின் கண் சும்மா இருக்குமா?

"இதென்ன மதினி, பாட்டில் கழுத்துல எறகு ஒட்டியிருக்கு?"

"குளிருதேன்னு மீனுக்குச் சட்டை போட்டுவிட்டேன்."

கனகலட்சுமி முழித்தாள். இறகைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பாட்டிலை இடுப்பில் இடுக்கி வாசல் தாண்டினாள். அவ்வளவுதான், செவலைக் கோழி கூடையைவிட்டுப் பாய்ந்து அவள் கெண்டைக்காலைக் கொத்தியது. ஷேர் ஆட்டோவில் ஏறும்வரை விடவில்லை.

"ஐயோ மதினி, இதுக்கு என்ன கிறுக்கா?"

"அதோட பிள்ளையத்தான தூக்கிட்டுப் போற!" தங்கச்செல்வி கோழியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ கிளம்பும்போது கத்திச் சொன்னாள், உள்ளே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி:

"அடுத்த தடவ வாரப்ப ரோசாச் செடி ஒண்ணு கொண்டுட்டு வா கனகு. கோழிகிட்ட குடுத்துப் பாப்போம்!"