சும்மா நிற்கிற கால்

போன மாதம் ஒரு நாள் குளித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டும்போது, என் இடது கெண்டைக்காலில் பச்சையாக ஒன்று நெளிந்து கிடப்பதைப் பார்த்தேன். உடனே ஈசிச்சேரில் சாய்ந்து, மனைவியைக் கூப்பிட்டு, பெட்டிச் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னேன். அவள் காலைக் குனிந்து பார்த்தாள். "நரம்பு சுருட்டிக்கினு கீது. இதுக்கா சாவி?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். இறுக்கமான காலுறை ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஒரே இடத்தில் நிற்காதே, நட, உட்கார்ந்தால் காலை உயர்த்தி வை, இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றார். நான் பெரிய மனிதன் போலத் தலையை ஆட்டினேன். இந்த வைத்தியமெல்லாம் எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். அதைச் செய்து ஒரு ஆளைக் கொன்றே இருக்கிறேன்.

கொன்றது என் அப்பாவை. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் நைனா. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். நைனா டிராம் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நாளில் டிராம் ஓட்டுகிறவர் உட்காரக் கூடாது. வண்டியின் முகப்பில் நின்றுகொண்டு ஒரு கையால் விசையையும் மறு கையால் பிரேக்கையும் பிடித்திருப்பார். காலடியில் ஒரு குமிழ் இருக்கும். மாடோ மனிதனோ குறுக்கே வந்தால் வலது குதிகாலால் அதை மிதிக்க வேண்டும். வண்டிக்கு அடியிலிருந்து டங் டங்கென்று மணி கேட்கும். வலது கால் இப்படி மணி அடித்துக்கொண்டிருக்க, நாள் முழுவதும் ஆளைத் தாங்கி நிற்பது இடது கால்.

அந்த இடது காலில்தான் முழங்காலுக்குக் கீழே பச்சைப் பச்சையாக நரம்புகள் புடைத்து, முடிச்சு முடிச்சாகத் தொங்கின. எனக்கு அது மிகவும் பிடித்த கால். நைனா வேலை முடிந்து வந்து காலை நீட்டினால், ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து அந்த நரம்பின் மேலேயே டிராம் விடுவேன். முழங்காலில் புறப்பட்டுக் கணுக்காலில் போய் நிற்கும். முடிச்சு வரும் இடமெல்லாம் ஸ்டாப்பு. எனக்குத் தெரிந்து தண்டவாளத்தை உடம்பிலேயே வைத்திருந்த டிரைவர் அவர் ஒருவர்தான்.

ஒரு கோடையில் அந்தக் கால் வீங்கிக் கணுக்கால் கறுத்துப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்து, இது நரம்புச் சிலந்தி, குடிக்கிற தண்ணீரில் வருகிற புழு, தீக்குச்சியில் சுற்றி மெல்ல வெளியே இழுத்துவிடலாம் என்றார். அன்றிலிருந்து இரண்டு நாள் நான் தண்ணீரே குடிக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு விக்கி, சாவதென்றால் புழுவாலேயே சாகலாம் என்று ஒரு சொம்பைக் கவிழ்த்துக் குடித்தேன். எதிர்வீட்டு அம்மாள், குளத்து அட்டையைப் பிடித்து வந்து காலில் விடச் சொன்னாள். அதற்குள் அம்மா நைனாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

டாக்டர் நைனாவைப் பெஞ்சியின் மேல் ஏற்றி நிற்க வைத்து, இரண்டு காலையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார்.

"மணி எந்தக் காலாலே அடிக்கறேள்?"

"வலதுங்க."

"அதான் அது நன்னா இருக்கு. வேலை செய்யற காலுக்கு ஒண்ணும் ஆகலை. சும்மா நிக்கற கால்தான் கெட்டுப்போயிருக்கு."

நைனா பெஞ்சியிலிருந்து இறங்கினார். "அறுக்காம ஒரு வழி இல்லீங்களா சாமி?"

இருந்தது. வாரத்துக்கு ஒரு ஊசி. நரம்புக்குள்ளேயே மருந்தைப் போட்டால் அது தானே ஒட்டி மூடிக்கொள்ளும். ஊசி போட்டதும் படுத்துவிடாமல் கொஞ்சம் நடக்க வேண்டும். மற்ற நேரம் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திப் படுக்க வேண்டும். காலையில் பாதம் தரையில் படுவதற்கு முன்பே விரலடியிலிருந்து முழங்கால் வரை கட்டுத்துணி சுற்ற வேண்டும். நிற்கும்போது இடது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். ஒரு மாதம் வண்டி ஏறாமல் இப்படிச் செய்து கால் தேறினால் பழையபடி வண்டி. தேறாவிட்டால் டிராம் கம்பெனியில் ஷெட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நைனா ஊசிக்குப் பயப்படவில்லை. ஷெட்டு என்றதும்தான் முகம் செத்தது. "அப்போ லஸ் பக்கமே போவ முடியாதா?" என்று கேட்டார். ஷெட்டுக்குள் என்ன லஸ் என்று டாக்டர் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

நைனாவின் வண்டி போகிற வழியில், லஸ் முனைக்குச் சற்று முன்னால், தண்டவாளம் ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் அடியில் கூடை வைத்து மீன் விற்கிற பெண் என் அத்தை. நைனாவோடு பிறந்த ஒரே தங்கை. நான் பிறந்த வருஷம் சாந்தோம் கடற்கரையில் படகு வைத்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, மாதாகோயிலில் பெயரையும் மாற்றிக்கொண்டாள். "இனிமே நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று நைனா தெருவில் நின்று சொன்னாராம். "நீ செத்தாத்தான் மிதிப்பேன், போ" என்று அவளும் சொன்னாளாம். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். சொன்ன சொல்லை எட்டு வருஷமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு முறை கண்ணாலேயே அவளைக் காட்டி, "அதான் உன் அத்தை. பாக்காதே" என்றாள். பார்க்காதே என்றதால் போகும்போதும் வரும்போதும் நன்றாகப் பார்த்து வைத்திருந்தேன்.

மூன்றாவது ஊசி போட்ட அன்று நல்ல வெயில். நைனா டாக்டர் சொன்னபடி நடந்துவிட்டு வந்து, கட்டிலில் காலை மேட்டில் போட்டதும் அப்படியே தூங்கிப்போனார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. அம்மா புதுக் கட்டுத்துணி வாங்கி வரப் புறப்பட்டாள். "கால் கீழ எறங்காம பாத்துக்கோ. கட்டு அவுந்தா தொடாதே, நான் வந்து கட்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டு அவிழ்ந்தது. அவிழ்த்தது நான்தான், ஊசி போட்ட ஸ்டாப்பு எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டாமா? பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றினேன். ஒரு பக்கம் சுற்றினால் மறு பக்கம் நழுவியது. காலைத் தூக்கிப் பிடித்தால் துணி போயிற்று, துணியைப் பிடித்தால் கால் உருண்டது. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பிற்காலத்தில் எனக்குத் தோன்றிய எல்லா யோசனைகளும் இந்த ரகம்தான். இடது காலுக்கு முட்டுக் கொடுக்க வலது காலை விட நல்ல பொருள் எது? இரண்டையும் சேர்த்து வைத்துச் சுற்றினேன். இறுக்கமாக, அழகாக வந்தது. மிச்சமிருந்த துணியால் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டேன்.

இரண்டடி பின்னால் போய் என் கைவேலையைப் பார்த்தேன். இதை நான் ஏற்கெனவே ஒரு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முந்தின வாரம்தான் அடுத்த சந்தில் பால்காரரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்திருந்தேன். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை. கட்டியதால்தான் எழுந்திருக்கவில்லை என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். இப்போது நைனாவையும் கட்டிவிட்டேன். அவர் வாய் பிளந்திருந்தது. "நைனா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. முழங்காலைப் பிடித்து ஆட்டினேன். இரண்டு காலும் ஒன்றாக ஆடின. அதைப் பார்த்ததும் இன்னும் பயமாகிவிட்டது. முடிச்சை அவிழ்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். புத்திசாலிகள் கேட்கிற கேள்வி அது. நான் ஓடினேன்.

அம்மாவைத் தேடித்தான் ஓடினேன். அந்த வழியில்தான் மரம் இருந்தது. மரத்தடியிலிருந்து ஒரு கை என் புஜத்தைப் பிடித்து நிறுத்தியது.

"இன்னாடா, டிராம்காரரு புள்ளதானே நீ? இன்னாத்துக்கு இப்டி ஓட்றே?"

"நைனா செத்துப்பூட்டாரு" என்றேன். கொலையை மறைக்கக் கூடாது என்று நினைத்து, "நான்தான் கட்னேன்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அத்தை எழுந்தாள். தராசு கீழே விழுந்தது. கூடையை மூடக்கூட இல்லை. நான் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் முன்னால் ஓடினாள். "மணி சத்தம் நின்னப்பவே நெனச்சேனே, பாவி நான் நெனச்சேனே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடினாள். மாதாகோயில் மணியைச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தபடி நானும் பின்னால் ஓடினேன்.

எட்டு வருஷம் மிதிக்காத வாசற்படியை அவள் மிதித்தாளா, தாண்டினாளா என்று நான் பார்க்கவில்லை. "அண்ணே!" என்ற கூப்பாடுதான் கேட்டது. அந்தக் கூப்பாட்டுக்குப் பால்காரரே எழுந்திருப்பார். நைனா திடுக்கிட்டுத் துள்ளி எழுந்தார். காலை எடுத்துத் தரையில் வைக்கப் போனார். கால் இரண்டும் ஒன்றாக வந்தன. ஆள் குப்புறக் கீழே வந்தார்.

நைனா தரையில் கிடந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். அத்தை மார்பின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். நான் கதவுக்குப் பின்னால், உயிர் வந்துவிட்டதே என்று சந்தோஷப்படுவதா, இனி விழப்போகிற உதையை எண்ணுவதா என்று தெரியாமல் நின்றேன்.

எட்டு வருஷத்துக்குப் பிறகு நைனா தங்கையிடம் பேசிய முதல் பேச்சு இது:

"மீன் கூடையை எங்க வுட்டே?"

"ரோட்ல."

"காக்கா துன்னுடும்."

"துன்னுட்டுப் போவுது."

அத்தை உட்கார்ந்து, அவரைக் கட்டிலில் சாய்த்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். வலை முடிச்சுப் பழகிய விரல்கள். இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கறுத்த இடத்தைத் தடவினாள். "இவ்ளோ வச்சிக்கினாடா நின்னுக்கினு இருந்தே?" என்று சொன்னாள். தங்கை அண்ணனை 'டா' போட்டதை நான் அன்றுதான் கேட்டேன். நைனா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலடியில் தொடங்கி, ஒரு சுற்றின் பாதியில் அடுத்த சுற்று ஏறும்படி, முழங்கால் வரை சுற்றி முடித்துவிட்டு அவள் எழுந்தாள்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நான் வரல. நீ செத்தப்பறமா வந்ததா வச்சிக்கோ."

"சரி" என்றார் நைனா.

அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள். நைனா எழுந்து வாசல் வரைக்கும் போய் நின்றார், சும்மா நிற்கக் கூடாத அந்தக் காலிலேயே. சந்து திரும்புகிற வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் நெடுநேரம் அவர் உள்ளே வரவில்லை.

அம்மா வந்து கட்டைப் பார்த்தாள். "யாரு கட்னது?"

"புள்ளதான்" என்றார் நைனா.

அம்மா என்னைப் பார்த்தாள். என்னால் இவ்வளவு ஒழுங்காக ஒன்றைச் செய்ய முடியாதென்று அவளுக்குத் தெரியும். குனிந்து காலை உயர்த்தி வைக்கிற சாக்கில் துணியை முகர்ந்தாள். அதில் மீன் நாற்றம் அடித்ததை நான் வாசலிலிருந்தே உணர்ந்தேன். வாங்கி வந்த புதுத் துணியை அலமாரியில் வைத்துவிட்டு, அன்று முழுக்க அந்தக் கட்டை மாற்றாமலே விட்டுவிட்டாள்.

கால் தேறியது. ஷெட்டுக்குப் போகவில்லை, வண்டிக்கே போனார். முதல் ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். முகப்பில் அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லஸ் நெருங்கியது. தூங்குமூஞ்சி மரம் வந்தது. தண்டவாளத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை. நைனா மணியை மிதித்தார். டங். டங். டங். மரத்தடியில் அத்தை கூடைக்குள் குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. புரட்டுகிற கை மட்டும் நின்றது, வண்டி தாண்டும் வரைக்கும்.

"குறுக்க யாருமே இல்லியே நைனா, இன்னாத்துக்கு அடிக்கிறே?"

"டாக்டர் சொன்னாரு இல்ல, குதிகாலை ஆட்டச் சொல்லி? வைத்தியம்டா."

நம்பினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், மணி அடித்தே குணமாகிற வியாதி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறதென்று பெருமையடித்துக்கொண்டேன். டாக்டரை நாங்கள் பார்ப்பதற்கு வெகுநாள் முன்பிருந்தே, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாய், அந்த மரத்தடியில் அந்த மணி மூன்று முறை அடித்துக்கொண்டுதான் இருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் ஆட்டச் சொன்னது இடது குதிகாலை; மணியின் மேல் இருந்தது வலது. அதுவும் தோன்றவில்லை.