கத்திக்கு ஒரு பச்சைப் பொட்டு

எந்தப் பொருளையும் பார்த்த மாத்திரத்தில் நன்றாக இருக்கிறது என்று நீலா சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. பெண் பார்க்க வந்த ராம்கிக்கும் அதே கதிதான். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், தேஹு ரோடு ராணுவக் குவார்ட்டர்ஸ் வீட்டில், அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை, "அந்த நாற்காலியில உட்காராதேங்கோ, ஒரு கால் ஆடறது" என்பது. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டதற்கு, இரண்டு வாரம் டைம் வேண்டும் என்றாளாம்.

அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்தாள் தெரியுமா? ராம்கி வேலை பார்த்த பேங்க் கவுண்டருக்கு முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போய், பணம் எடுக்கும் ஸ்லிப்பை வேண்டுமென்றே தப்பாக எழுதிக் கொடுத்தாள். ஒரு தடவை தேதி இல்லை. இன்னொரு தடவை கையெழுத்து இல்லை. மூன்றாம் தடவை இரண்டுமே இல்லை. மனுஷர் மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். கல்யாணம் ஆகி ஒரு மாதம் கழித்துத்தான் இந்த விஷயம் அவருக்குத் தெரியவந்தது. அடிப்பாவி என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. தொழில் அப்படி. ராணுவச் சாமான்களைச் சோதிக்கிற பிரிவில் அவளுக்கு வேலை. கோடாரி, மண்வெட்டி, கூடாரம் கட்டும் முளை, கயிறு என்று வண்டி வண்டியாக வரும். ஆயிரம் வந்தால் அதில் பத்தை உருவுவாள். அடிப்பாள், வளைப்பாள், தண்ணீரில் ஊறப்போடுவாள், கடைசியில் உடைத்தே விடுவாள். எந்த இடத்தில், எத்தனை அடியில் உடைந்தது என்று எழுதுவாள். தேறினால் மிச்சம் இருப்பதன்மேல் பச்சை பெயின்டில் ஒரு பொட்டு, தேறாவிட்டால் சிவப்பு. பச்சைப் பொட்டு வைத்ததெல்லாம் பெட்டியில் ஏறி எங்கேயோ மலைக்கும் பனிக்கும் போய்விடும். போனது போனதுதான், யார் கையில் அது என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் அவளுக்குச் சேதி வந்ததில்லை.

அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குக்கருக்குப் பச்சை. பரண் ஏறும் ஸ்டூலுக்குப் பதினாலு வருஷமாகச் சிவப்பு, அதில் செடித் தொட்டி தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. அவள் ரிடையர் ஆன அன்று ஆபீஸ் சாமான்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு நேரே பஜாருக்குப் போய் இரண்டு சின்ன பெயின்ட் டப்பா வாங்கிக்கொண்டுதான் வீடு வந்தாள்.

இப்பேர்ப்பட்டவளிடம் ராம்கி போய் மாட்டிக்கொண்டது கத்தி விஷயத்தில். ஆணி அடித்தால்கூட ஆணிக்குப் பதில் விரலில் அடித்துக்கொள்கிற மனிதருக்கு, அறுபத்து மூன்று வயதில் கத்தி செய்கிற பித்துப் பிடித்தது. மலையேறப் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்வார்களே, விறகு பிளக்க, புதர் வெட்ட, அந்த மாதிரி பெரிய வெட்டுக் கத்தி. அடுத்த தெருவில் தினேஷின் வெல்டிங் கடை இருந்தது. பின்னால் ஒரு சின்ன உலை. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தால் அருமையான கத்தி வரும் என்று தினேஷ் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தினமும் காலையில் காப்பி குடித்த கையோடு அங்கே ஆஜர்.

அதோடு விட்டாரா? வாயும் சும்மா இருக்கவில்லை. நண்பர் சந்தானத்துக்குக் கடக்வாஸ்லா ஏரி ஓரமாக ஒரு துண்டு நிலம் உண்டு. இந்தப் பொங்கலை அங்கே திறந்த வெளியில் விறகடுப்பு மூட்டிக் கொண்டாடுவதாக ஏற்பாடு. விறகு வெட்ட என் கையால் செய்த கத்தியைக் கொண்டுவருகிறேன் என்று ராம்கி நாலு பேர் முன்னால் மார் தட்டிவிட்டார். சந்தானமும் லேசுப்பட்டவர் இல்லை, நீலாவின் ஆபீஸிலேயே ஸ்டோரில் இருந்தவர்.

"கத்தி இருக்கட்டும் ஓய். மேடத்தோட பச்சைப் பொட்டு இருக்கா? அது இல்லாம என் நிலத்துக்குள்ள விடமாட்டேன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ராம்கிக்கு மட்டும் சுருக்கென்றது. முப்பத்து நான்கு வருஷத்தில் வீட்டில் குக்கருக்குக் கிடைத்த மரியாதை தனக்குக் கிடைக்கவில்லையே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. எப்படியாவது பொங்கலுக்குள் அந்தப் பொட்டை வாங்கிவிடுவது என்று வைராக்கியம் வைத்தார்.

முதல் கத்தி ஒரே வெட்டில் அப்பளமாக வளைந்தது. இரண்டாவதன் விளிம்பு பொரிந்து உதிர்ந்தது. மூன்றாவதில் பிடி கழன்று பறந்து, பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தில் போய் விழுந்தது. அதற்கு ராம்கி போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். நாலாவதன் பிடி ஈரக் கையில் வழுக்கியது. நாலுக்கும் சிவப்பு. சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொன்றும் ஏன் தேறவில்லை என்பதை நீலா உட்காரவைத்து விளக்கினாள். விளக்கம் கேட்கக் கேட்க அவருக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

ஐந்தாவது கத்தி அமைந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், முனைப் பக்கம் நல்ல கனம், கருவேல மரத்தில் பிடி, இரண்டு பித்தளை ஆணி. பிடியை மட்டும் ஒன்பது நாள் தேய்த்தார். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. குழந்தையைத் தூக்கி வருவதுபோல் துண்டில் சுற்றி எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

நீலா புரட்டிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் முதுகுப் பக்கத்தைத் தடவினாள். முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

"நன்னா வந்திருக்குன்னா. இன்னொண்ணு எங்கே?"

"எந்த இன்னொண்ணு?"

"இதை நான் உடைக்கணுமே. உடைச்சுட்டா நீங்கோ எதை எடுத்துண்டு போவேள்?"

ராம்கி கத்தியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உடைக்கறதா? ஏன்டி, உனக்குப் பைத்தியமா? ஒன்பது நாள் தேய்ச்சேன்டி!"

"எங்கே உடையும்னு தெரியாம நான் எப்படிப் பொட்டு வைப்பேன்? நாளைக்கு அது சந்தானம் கையில உடைஞ்சு அவர் கால்ல விழுந்தா? அதே பட்டையில மிச்சம் இருக்கோல்லியோ? அதே சூட்டுல காய்ச்சி, அதே எண்ணெயில முக்கி, அச்சு அசலா இன்னொண்ணு பண்ணுங்கோ. ரெண்டையும் துணியில சுத்தி வைப்பேளாம். நான் பார்க்காம ஒண்ணை எடுப்பேன்."

பொங்கலுக்கு எட்டே நாள். ராம்கி கோபத்தோடு தினேஷ் கடைக்குப் போனார். தினேஷ் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "காக்கூ சொல்றது சரிதான் காகா" என்று மாமி பக்கமே சாய்ந்து மராத்தியில் தீர்ப்பும் சொல்லிவிட்டு உலையை மூட்டினான். தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்க ஆறு நாளில் இரண்டாவது தயாரானது. நடுவில் ராம்கிக்கு ஒரு திருட்டு யோசனை வந்தது. இதன் பிடியைக் கொஞ்சம் சொரசொரப்பாக விட்டுவிட்டால், கைக்குக் குறை தட்டி இதையே எடுத்து உடைக்கட்டுமே! ஆனால் உப்புத்தாளைக் கீழே வைக்கப் போனவருக்கு மனசு ஒப்பவில்லை. இதையும் வழவழவென்று தேய்த்துவிட்டார்.

சோதனை தினேஷ் கடை வாசலில் நடந்தது. துணி மூட்டைக்குள் கை விட்டு நீலா ஒன்றை எடுத்தாள். எது வந்திருக்கும்? அந்த ஒன்பது நாள் கத்தியேதான். ராம்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

காய்ந்த கருவேலங்கட்டையில் இருநூறு வெட்டு. எண்ணிக்கை அவளுடையது, வெட்டியது தினேஷ். பிறகு அதே விளிம்பால் பேப்பரைக் கிழித்தாள், சர்ரென்று போயிற்று. முதுகில் சுத்தியல் அடி. பிடியை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வழுக்குகிறதா என்று ஒரு வெட்டு. கடைசியில் முனையைப் பிடிப்பானில் இறுக்கி, பிடியில் நீளமான குழாயைச் செருகி வளைக்கச் சொன்னாள். வளைந்தது, விட்டதும் பழையபடி நிமிர்ந்தது. இன்னும் வளைக்கச் சொன்னாள், அப்போதும் நிமிர்ந்தது. தினேஷ் சுவரில் காலை உதைத்துக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தபோதுதான் டங்கென்று உடைந்தது. ராம்கிக்குத் தன் எலும்பே முறிந்தது போலிருந்தது.

நீலா ஓடிப்போய் உடைந்த துண்டை எடுத்து வெயிலில் காட்டினாள். உடைந்த வாயில் இரும்பின் மணி திருநீறு மாதிரி சன்னமாக, சாம்பல் நிறத்தில், ஒரே சீராக இருந்தது. இரும்புக்குப் பதம் சரியாக ஏறியதற்கு அதுதான் அடையாளம். அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"ஏன்னா, இங்கே வந்து பாருங்கோளேன்! என்ன அழகா உடைஞ்சிருக்கு!"

ஒருவர் செய்த பொருளை உடைத்துவிட்டு அவரிடமே அதைக் காட்டிப் பெருமைப்படுகிற பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும்? ராம்கிக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை, சிரித்துவிட்டார்.

"அப்போ பச்சைதானே?"

"அவசரப்படாதேங்கோ. ஃபீல்ட் ட்ரையல் பாக்கி இருக்கு."

அதாவது, பொருளைப் பயன்படுத்துகிற இடத்திலேயே வைத்துப் பயன்படுத்திப் பார்ப்பது. அவள் ஆபீஸில் அதெல்லாம் வேறு ஊரில், வேறு யாரோ செய்வார்கள். இவளுக்குக் காகிதம்தான் வரும்.

பொங்கலன்று காலை சந்தானத்தின் காரில் கிளம்பினார்கள். பேப்பரைத் திறந்தால் கொய்தா கும்பல் என்று அரிவாள் சமாசாரமாக வந்துகொண்டிருக்கிற ஊரில், முழ நீளக் கத்தியோடு போவது என்றால் சும்மாவா? போலீஸ் கேட்டால் காட்டுவதற்காக நீலா ஒரு பக்கத்துக்குச் சோதனை அறிக்கை எழுதி, கத்தியோடு பழைய வேட்டியில் சுற்றி, பொங்கல் பானைக்குள் வைத்திருந்தாள். வழியில் யாரும் நிறுத்தவே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஏரிப் பக்கம் குளிர் காற்று வீசியது. நிலம் முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. ஓரத்தில் காய்ந்து விழுந்த பெரிய கிளை ஒன்று கிடந்தது. சந்தானம் பானையிலிருந்து கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ஓய், பச்சையைக் காணோம்?"

"ட்ரையல் இப்போதான்" என்று ராம்கி சட்டைக் கையை மடித்துக்கொண்டு கத்தியை வாங்கினார்.

"செஞ்சவாளே ட்ரையல் பண்ணக் கூடாது" என்றாள் நீலா.

"சரி, சந்தானம் பண்ணட்டும்."

"எனக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூணு மாசம்கூட ஆகலை. குனிய முடியாது."

இருவரும் அவளையே பார்த்தார்கள். நீலா ஒரு அடி பின்னால் போனாள்.

"நானா? நான் உடைச்சுப் பார்க்கத்தான் வெட்டச் சொல்லியிருக்கேன். ஒரு காரியத்துக்குன்னு ஒரு நாளும் வெட்டினதில்லையே."

அதைச் சொன்ன குரலில் ஏதோ இருந்தது. ராம்கி கத்தியின் பிடியை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை அகட்டி நின்று, முதல் வெட்டைப் பயந்து பயந்துதான் போட்டாள். கிளையில் அரை அங்குலம் இறங்கியது. இரண்டாவது வெட்டில் பட்டை தெறித்தது. ஐந்தாவது வெட்டில் கிளை இரண்டாக விழுந்ததும், "ஐயோ!" என்று கத்திவிட்டுச் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அப்புறம் யார் பிடித்து நிறுத்துவது? கிளை முழுவதும் விறகாயிற்று. விறகு சிராயாயிற்று. கரும்பு துண்டு துண்டாயிற்று. அடுப்பு எரிய ஆரம்பித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஏரிக்குப் போகிற வழியை மறைத்த உண்ணிச்செடியை வெட்டிக்கொண்டே போனாள்.

"குடுடி, நான் ஒரு தடவை வெட்டறேன்" என்று ராம்கி பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு நடந்தார்.

"இருங்கோன்னா, ட்ரையல் இன்னும் முடியலை!"

பால் பொங்கிச் சந்தானம் பொங்கலோ பொங்கல் என்று கத்தியபோது, தலை முழுக்க இலையும் தூசியுமாக, கையில் கத்தியோடு அவள் ஓடிவந்த காட்சியைப் பார்க்க வேண்டுமே! சந்தானம் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு அடி நகர்ந்துகொண்டார். அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"எத்தனை ஆயிரம் கோடாரிக்குப் பொட்டு வெச்சிருப்பேன்! யாரோ ஒருத்தருக்கு இப்படித்தானே வெட்டியிருக்கும்?" என்றாள்.

"நான்தானே ஸ்டோர்ல இருந்து எடுத்துக் குடுத்தேன். ஒண்ணுகூட உடைஞ்சு திரும்பி வரலை மேடம்" என்றார் சந்தானம்.

நீலா கத்தியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து பச்சை பெயின்ட் டப்பாவை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள், பாருங்கள்! பிடியின் அடியில், பித்தளை ஆணிக்குப் பக்கத்தில், அழகாக ஒரு பொட்டு வைத்தாள்.

ராம்கி அந்தப் பொட்டைக் குனிந்து பார்த்தார். "குக்கருக்குக் குடுத்தே, கத்திக்குக் குடுத்தே. எனக்கு?"

"உங்களுக்கு அந்த பேங்க் கவுண்டர்லயே வெச்சாச்சு. மூணாவது ஸ்லிப்பைச் சிரிச்சுண்டே திருப்பிக் குடுத்தேளே, அப்போ."

"என் கண்ணுல படவே இல்லையே!"

"பட வைக்கறேன், கையைக் காட்டுங்கோ."

சுத்தியல் அடியில் கறுத்துப்போன அவருடைய கட்டைவிரல் நகத்தில், நிதானமாக ஒரு பச்சைப் பொட்டு வைத்தாள்.

"காயறவரைக்கும் எதையும் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, சர்க்கரைப் பொங்கலை எடுத்து அவர் வாயில் ஊட்டினாள்.