அம்மாவுக்குக் கடல்பாசி

கொஞ்ச காலமாக என் அம்மா என்னை "வாங்க, உக்காருங்க" என்று மரியாதையாக அழைக்கிறாள். நான் கிணற்று மோட்டார் பழுது பார்க்க வந்த ஆள் என்பது அவள் எண்ணம். காலையில் காப்பி கொண்டுபோனால், "மோட்டார் ஓடுதுங்களா?" என்பாள். "ஓடுதுங்கம்மா" என்பேன். அதற்குமேல் எனக்குப் பேச வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆறாவதுக்கு வேறு ஊர் போகவேண்டும். அங்கே நாமே பேரைச் சொல்லிச் சேரவேண்டும் என்றார்கள். அந்தப் பயம்தான்.

அல்சைமர், மறதி நோய் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவோ சந்தோஷமாகத்தான் இருந்தாள். மோட்டார்காரரிடம் தன் மகனைப் பற்றிக் குறை சொல்ல அவளுக்கு நேரம் போதாது.

"எனக்கு ஒரு பையன் இருக்கறானுங்க. நல்லவன்தான். ஆனா வாயில கொழுக்கட்டையை வெச்ச மாதிரியே இருப்பான். பசிச்சாக்கூடக் கேக்கமாட்டானுங்க."

"அப்படிங்களா" என்று தலையாட்டுவேன். கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரே ஒரு தடவை, எதிரில் இருப்பது அந்தப் பையன்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அப்போதுதான் என் மகள் கைபேசியில் எதையோ படித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, கடல்பாசியில இருக்கற சில சத்து இந்த மறதி நோய்க்கு ஒத்தாசையா இருக்குமான்னு ஆராய்ச்சி பண்றாங்களாம். ஆனா இன்னும் ஒண்ணும் உறுதியாகலையாம்." முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

எங்கள் பக்கத்துக்குக் கடல் மூட்டையில்தான் வரும். ஒன்று உப்பு மூட்டை, இன்னொன்று குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டுக்கு உரமாகப் போடுகிற கடல்பாசிக் குருணை. ஆகவே நேராக உரக்கடைக்குப் போனேன். நடுக்கமில்லாமல் நான் பேசக்கூடிய ஒரே கடையும் அதுதான்.

"கடல்பாசி வேணுமுங்க."

"குருணையா, தண்ணி மருந்தா? எதுக்குங்க, குச்சிக்கா தக்காளிக்கா?" என்றார் கடைக்காரர்.

"எங்கம்மாவுக்குங்க."

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் இறக்காமலே நின்றுவிட்டார். கடைக்காரர் மட்டும் முகம் மாறாமல், "அம்மா எத்தனை ஏக்கருங்க?" என்றார். கடையே சிரித்தது. நான் தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "இது மண்ணு திங்கறதுங்க. மனுசன் தின்னாப் படுக்கைதான். கடைவீதியில பாய் மளிகைக்குப் போங்க. நோம்புக்கு அவங்க ஊட்டுல கடல்பாசி காச்சுவாங்க."

மளிகைக் கடையில் நான் முந்திக்கொண்டேன். "மனுசங்க சாப்பிடற கடல்பாசி குடுங்க, பாய்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெள்ளை நார் மாதிரி இருந்ததைப் பொட்டலமாகக் கொடுத்தார். "ஊற வெச்சு, கரையற வரைக்கும் காச்சி, பாலும் சர்க்கரையும் சேத்துத் தட்டுல ஊத்துங்க. அதுவே கட்டியாயிடும்."

டாக்டரைக் கேட்காமல் அடுப்பில் ஏற்றமாட்டேன் என்றாள் என் மனைவி. அவளே போனில் கேட்டாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னாராம்: ஆராய்ச்சியில் பேசப்படுவது பெரும்பாலும் பழுப்பு நிறப் பாசிகளில் இருக்கும் சத்துகள். ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தெரிகிறது. மனிதர்களிடம் இன்னும் நிரூபணமாகவில்லை. நாங்கள் வாங்கியது வேறு பாசியிலிருந்து எடுக்கிற, உறைய வைக்கும் சரக்கு. அதில் மருந்தைத் தேடக்கூடாது. சிறிதாக வெட்டி, பக்கத்தில் இருந்து ஊட்டலாம். மாத்திரையை நிறுத்தக்கூடாது. வேறு பாசி எதையும் கேட்காமல் கொடுக்கக்கூடாது. அயோடின் கூடினால் தைராய்டுக்கு ஆகாது.

"பலகாரம்னு நெனச்சுக் குடுங்கன்னுட்டார்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அம்மா ஒரு துண்டை வாயில் போட்டாள். முகம் மலர்ந்தது. "வழுக்கிட்டுப் போகுதுங்க! என்னங்க இது?"

"கடல்பாசிங்க."

"குச்சிக்காட்டுக்குப் போடறதுங்களா?"

மகனை மறந்தாலும் உரத்தை மறக்கவில்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தட்டில் மிச்சமிருந்ததை அம்மா ஒரு கிண்ணத்தால் மூடினாள். "என்ற பையனுக்குங்க. அவன் கேக்கமாட்டான், நாமதான் எடுத்து வெக்கோணும்." பையனுக்குத்தானே என்று நான் கிண்ணத்தைத் தூக்கினேன். பட்டென்று கையில் ஓர் அடி. "மோட்டார் பாக்க வந்தா மோட்டாரைப் பாருங்க!"

வெளியே போய் நின்றேன். உள்ளே அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் வரவேண்டும், வந்தாலும் கேட்கமாட்டான். சரி என்று திரும்பப் போய் நிலைப்படியில் நின்று, என் ஆயுளில் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"அம்மா, பசிக்குது."

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "கேட்டுப்போட்டயே, சாமி! இன்னிக்காச்சும் வாயைத் தொறந்து கேட்டுப்போட்டயே! தின்னு."

தின்றேன். கடல்பாசிதான் வேலை செய்தது என்று நான் சொல்லமாட்டேன், டாக்டர் திட்டுவார்.

மறுநாள் காப்பி கொண்டுபோனேன். "மோட்டார் ஓடுதுங்களா?" என்றாள்.

"ஓடுதுங்கம்மா" என்றேன். அதோடு நிறுத்தாமல், "திங்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றும் கேட்டேன்.