ஒரே அறையில் மூன்று பேர்

என் கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒரு அறையும் சமையல்கட்டும் மட்டும் உள்ள மாடி வீடு எங்களுடையது. பிரசவம் முடிந்து, ராமாபுரத்து அம்மா வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு நான் திரும்பிய மறுநாளே சண்டை தொடங்கிவிட்டது.

"இது அழுதா நான் எப்படித் தூங்கறது? தூக்கிட்டு வெளிய போ" என்பார். மகளை 'இது' என்றுதான் சொல்வார். வாடகை கொடுப்பவர் அவர்தானே என்று, நானும் பகலெல்லாம் அவளை மடியில் போட்டுக்கொண்டு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

"சும்மா தட்டாதடி" என்ற குரல் மட்டும் வந்தது.

குழந்தை தொப்பலாக நனைந்துவிட்டாள். கீழ்வீட்டுக் கன்னடக்கார அக்கா, "ஒளகே பாம்மா" என்று எங்களை உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் துண்டு கொடுத்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை என் கணவர் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

"கதவைத் திற. தூக்கம் கண்ணக் கட்டுது."

"பாப்பா தூங்கறா. பாயும் தலகாணியும் வெளிய வெச்சிருக்கேன். அங்கயே படுத்துக்குங்க."

வாய்க்கு வந்தபடி திட்டினார். கதவை உதைத்தார். குழந்தை விழித்து அழுதாள். நான் திறக்கவில்லை. மதியம் வரை அவர் வெளியேதான் கிடந்தார்.

அதன்பின் அவர் சமையல்கட்டில் படுக்கிறார். மன்னிப்புக் கேட்கவில்லை, என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எதிர்த்து நிற்க வேண்டுமென்றால் கத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று என் குரல் கொஞ்சமும் உயரவில்லை.