மூன்று மணிக்குச் சண்டை

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த வெர்னாவும் அவள் தங்கை டோரீனும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. செத்துப்போன அம்மாவின் ஃபிரிட்ஜை டோரீன் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனதுதான் காரணம். குடும்பச் சண்டைகளை மேடையேற்றிக் காட்டும் ஒரு மத்தியான டிவி நிகழ்ச்சிக்காரர்கள், அந்தச் சண்டையைக் கூட்டத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ள இருவரையும் சிகாகோவுக்கு வரவழைத்தார்கள். யாரோ தவறுதலாக ஒரே ஓட்டலில் தங்கவைத்துவிட்டார்கள். காலைச் சாப்பாட்டு வரிசையில் எதிரெதிரே வந்தவர்கள், ஒருவர் தலைநரையை மற்றவர் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்கள்.

நிகழ்ச்சிக்காரப் பெண் பதறி ஓடிவந்தாள். "என்னம்மா நீங்க, இப்பவே சமாதானமாயிட்டா எப்படி? ஷூட்டிங் மூணு மணிக்குத்தானே! என் வேலையே போயிடும்."

வெர்னாவுக்குப் பாவமாக இருந்தது. "அழாதம்மா. நல்லாவே அடிச்சுக்கறோம்."

மூன்று மணிக்கு ஸ்டுடியோவில் கூட்டம் கூச்சல் போட, வெர்னா தங்கையின் முடியைப் பிடித்தாள். நாற்காலி பறந்தது. "திருட்டுக் கழுதை!" என்று கத்தியபோது நெஞ்சுப் பாரமெல்லாம் இறங்கிச் சுகமாக இருந்தது, அதில் அவளுக்கே கொஞ்சம் வெட்கம். "வலிக்குதாடி?" என்று காதோரம் கேட்டாள்.

"இல்லக்கா, இன்னும் இழு," என்றாள் டோரீன்.

ஒளிபரப்பு முடிந்ததிலிருந்து பக்கத்து வீட்டு மில்ட்ரெட் வாரந்தோறும் கேக் சுட்டுவந்து, "அந்தத் துரோகி மறுபடி வந்தாளா?" என்று கேட்டு ஆறுதல் சொல்கிறாள். உண்மையைச் சொல்ல வெர்னா இரண்டு முறை வாயெடுத்தாள். மில்ட்ரெட் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

மில்ட்ரெட் கிளம்பியதும் குளியலறையிலிருந்து டோரீன் தலையை நீட்டுவாள். "இன்னிக்கு என்ன கேக்குக்கா?"