மலர்க்கொடி போட்ட மாட்டு முடிச்சு

மலர்க்கொடியப் பத்தி யாராவது "அந்தத் தோல் பின்னுற பொண்ணுதானே"ன்னு மூக்கச் சுருக்கிக்கிட்டுக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆமா, தோல்தான் பின்னுறா. நீங்க போட்டிருக்கிற செருப்பு என்ன வாழை இலையா? நாகூர்ல என் ஃபேன்சி ஸ்டோர்ல கண்ணாடி அலமாரியில, முத்துமாலைக்குப் பக்கத்துல, மேல் தட்டுல இருக்கிறது அவ பின்னுன வளையல்தான். அங்க வச்சது நான்தான். என் பேரு அனீஸா. ஒன்பதாம் வகுப்புலேர்ந்து அவளுக்குச் சிநேகிதி. அதனால அவ பக்கமாத்தான் பேசுவேன், முதல்லயே சொல்லிடுறேன்.

அவ ஊருக்குக் கீழ்வேளூர்லேர்ந்து உள்ள போகணும். அவ அப்பா காத்தான் மாட்டுக்குக் கழுத்துவார் பின்னுறவரு. பொங்கலுக்கு மணி கோத்துக் கட்டுவாங்களே, அது. பதப்படுத்தாத பச்சைத்தோலு. சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போட்டு, முடியச் சுரண்டி, வெயில்ல இழுத்துக் கட்டிக் காயவச்சு, வாரு வாரா அறுத்து, மறுபடி நனைச்சு, ஈரத்தோடயே பின்னணும். காஞ்சா இறுகி எலும்பாட்டம் ஆயிடும். மாடு குறைஞ்சு டிராக்டர் வந்ததுக்கு அந்த வீட்டுல யாரும் ஒப்பாரி வைக்கல. ஒரு பொங்கலுக்குப் போனப்ப மாட்டுக் கழுத்துல இருந்த முடிச்சப் பாத்துட்டு, "ஏன்டி, இதையே சின்னதா என் கைக்குப் போட்டா என்ன?"ன்னு கேட்டேன். ஆட்டுத்தோல்ல மெல்லிசா அறுத்து, ஆறு இழையாப் பின்னி, நடுவுல நெல்லுக்கொத்து மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுக் குடுத்தா. தர்காவுக்கு வந்த காலேஜ் பொண்ணு ஒருத்தி அதை என் கையிலேர்ந்தே கழட்டி வாங்கிட்டுப் போயிட்டா. அப்ப ஆரம்பிச்சது. இப்பல்லாம் பக்ரீத்துக்கு எங்க தெருவுத் தோலு பாதி அவ வீட்டுக்குத்தான் போவுது.

நெல்லுக்கொத்து, நண்டுக்கண்ணு, மல்லிமொட்டுன்னு முடிச்சுக்கெல்லாம் அவளே பேரு வச்சிருக்கா. தொல்லைன்னா நாய்தான். காயப்போட்டதத் தூக்கிட்டு ஓடிடும். ஒரு தடவை மூணு மல்லிமொட்டத் தின்னுட்டு, நாலாவதுக்கு வாலாட்டிக்கிட்டு வந்து நின்னுச்சு.

அவளுக்கு வயசு முப்பத்தஞ்சு. பொண்ணு பாக்க ஏழு இடத்துலேர்ந்து வந்தாங்க. எல்லாரும் காபி குடிச்சாங்க, பஜ்ஜி தின்னாங்க, கடைசியில அவ கையப் பாத்தாங்க. சுண்ணாம்பு அரிச்சு, வார் இழுத்துக் காப்புக் காய்ச்ச கை. ஏழாவதா வந்த மாப்பிள்ளையோட அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தத் தோல் வேலையெல்லாம் விட்டுடணும்மா"ன்னாங்க. இவ நிதானமா, "அது முடியாதுங்க. பஜ்ஜி இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"ன்னு கேட்டிருக்கா. அத்தோட சரி. "இனிமே யாரும் வர வேணாம்டி, நான் இப்படியே இருந்துக்கிறேன்"னு என்கிட்ட சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. ஆனா இந்தக் கையோட சேத்துத் தன்னை ஒருத்தன் கேக்க மாட்டானான்னு அவளுக்கு எவ்வளவு ஏக்கம்னு எனக்குத் தெரியும். எனக்கு அந்த ஏழு வீட்டு மேலயும் இன்னைக்கு வரைக்கும் கோவம் போகல.

போன மாசியில பரணிதரன் என் கடைக்கு வந்தாரு. நெல்லு அறுக்கிற மிஷின் ஓட்டுறவரு. இங்க சம்பா அறுப்பு முடிஞ்சா மிஷினோட ஆந்திராவுக்குப் போயிடுவாரு, திரும்பி வர மூணு மாசம் ஆவும். இப்படி அலைஞ்சதுலயே கல்யாணம் தள்ளிப் போச்சாம். அக்கா மகளுக்குக் கிளிப் வாங்க வந்தவரு, மேல் தட்டப் பாத்துட்டு, "இந்த முடிச்சு யாருங்க போட்டது?"ன்னாரு. எல்லாரும் என்ன விலைன்னு கேப்பாங்க, இவரு யாருன்னு கேட்டாரு. நான் மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன். தனக்கும் ஒண்ணு வேணும்னாரு. கடையில இருக்கிறதுலயே பெரிசு அவரு விரல்லயே நின்னுடுச்சு. "நேரா அவங்க வீட்டுக்கே போயி அளவு குடுங்க"ன்னு வழி சொல்லி அனுப்பிட்டு, மலருக்கு ஃபோன் போட்டு, "நல்ல சேலையா மாத்திக்கடி"ன்னேன். "போடி, வேலையத்தவளே"ன்னு வச்சுட்டா.

அங்க நடந்தத அப்புறம் அவளே சொன்னா. வழக்கமா வளையல மரக்கட்டையில மாட்டிக் காயவச்சு, சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு குமிழு வச்சு முடிப்பா. போட்டுக் கழட்டிக்கலாம். அவரு மணிக்கட்டுக்கு ஏத்த கட்டை அவகிட்ட இல்ல. சரின்னு ஈர வாரை அவரு கையிலயே சுத்திப் பின்ன ஆரம்பிச்சிருக்கா. அவரு சும்மா இருக்காம, இந்த இழை எங்க போவுது, இது எதுக்கு அடியில வருதுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டிருக்காரு. வந்துட்டுப் போன ஏழு மாப்பிள்ளையில ஒருத்தன் அதக் கேட்டதில்ல. இவளுக்குச் சொல்லச் சொல்ல சந்தோஷம். வாய் பேசிக்கிட்டிருக்க, கை பாட்டுக்குப் பழக்கத்துல மாட்டு முடிச்சப் போட்டுடுச்சு.

மாட்டு முடிச்சுன்னா ரெண்டு முனையும் பின்னலுக்குள்ளயே போயி மறைஞ்சுடும். காஞ்சா யாராலயும் அவுக்க முடியாது. மணியத் திருட வர்றவன் கத்தியோடதான் வரணும். நல்லவேளை, ஒரு விரல் இடம் விட்டிருந்தா.

மறுநாள் காலையிலதான் அவளுக்கு உறைச்சிருக்கு. "அனீஸா, அந்த மனுசன் கையில மாட்டு முடிச்சப் போட்டு அனுப்பிட்டேன்டி!" நான் சிரிச்ச சிரிப்புல, கடைக்கு வந்திருந்த அம்மா பயந்து போயிட்டாங்க. "சிரிக்காதடி. தண்ணியில அரை மணி நேரம் ஊறுனா இளகிடும், இழுத்தா வந்துடும்னு நீயே சொல்லிடு. எனக்கு வெக்கமா இருக்கு." கடையிலயே வாங்கி வச்சிருந்த அவரு நம்பருக்கு நான் ஃபோன் போட்டு ஒரு வார்த்தை விடாம சொன்னேன். "தண்ணி பட்டாக் கழண்டுடும், அப்படித்தானேங்க?"ன்னு அவரு திருப்பிக் கேட்டு வேற உறுதி பண்ணிக்கிட்டாரு.

அப்புறம் ஆளையே காணோம். "கழட்டித் தூக்கிப் போட்டிருப்பாரு"ன்னா மலரு. குரலே இறங்கிப் போயிருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சுக் காத்தான் அப்பா வயலுக்குப் போயிட்டு வந்து, "அந்த மிஷின்காரத் தம்பி பம்புசெட்டுல குளிக்கிது. பஸ்ஸுல கம்பியப் புடிச்ச மாதிரி ஒரு கையத் தூக்கிக்கிட்டே குளிக்கிது. சுளுக்கு போலருக்கு, பாவம்"னு சொல்லியிருக்காரு. இவளுக்கு உயிரே போயிடுச்சு. தன்னோட வாரு இறுகித்தான் கை வீங்கிப்போச்சுன்னு நெனைச்சுக்கிட்டு என்கிட்ட ஓன்னு அழுதா. எனக்குப் பாதி புரிஞ்சுடுச்சு. ஆனா வாயத் தொறக்கல.

பன்னெண்டாம் நாளு வளையல் எடுக்க அவ வீட்டுக்குப் போயிருந்தேன். திடீர்னு மழை. அறுப்பு நேரத்துல பாழாப்போன மழை. கொள்முதல் நிலையத்துல நெல்லு குமிஞ்சு கிடக்கு, ஊரே தார்ப்பாயத் தூக்கிக்கிட்டு ஓடுது. அதுக்கு நடுவுல பைக்குல வந்து எறங்குனாரு பரணிதரன். தலை, சட்டை, லுங்கி எல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. வலது மணிக்கட்டுல மட்டும் என் கடைக் கேரி பேக்கச் சுத்தி, மேல ரெண்டு ரப்பர் பேண்டு.

"ஐயோ, கை என்னாச்சு? வீங்கிடுச்சா? காட்டுங்க!" மலரு ஓடிப்போயி கேரி பேக்கப் பிச்சா. உள்ள வளையலு காஞ்சது காஞ்சபடி இருக்கு. தேங்காயெண்ணெய் பூசி மினுக்கி வேற வச்சிருக்காரு.

அவ என் பக்கம் திரும்புனா. "நீ இவருகிட்ட சொல்லவே இல்லையாடி?"

"சொன்னாங்க"ன்னாரு அவரு. "தண்ணி பட்டாக் கழண்டுடும்னு தெளிவாச் சொன்னாங்க."

"அப்புறம் ஏன்?"

"அதனாலதாங்க நனைக்கல."

காத்தான் அப்பாதான், "அப்ப சுளுக்கு இல்லையா தம்பி?"ன்னாரு.

"இல்லைங்க. நாளைக்கு ஆந்திராவுக்குக் கிளம்பணும். அதுக்கு முன்னாடி உங்க பொண்ண எனக்குக் கேக்கலாம்னு வந்தேன்."

மலரு நிமிந்து நின்னா. "நான் இந்த வேலைய விட மாட்டேன்."

"நீங்க விட்டுட்டா, அப்புறம் இது லூசாயிடுச்சுன்னா நான் யாருகிட்டங்க போவேன்?"

அவ அழுதா. நானும்தான் அழுதேன், அதுல என்ன வெக்கம். அப்புறம் முந்தானையால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு உள்ள போனவ, ஒரு பேசின் நிறையத் தண்ணியோட வந்தா. அவரு பட்டுன்னு கையப் பின்னால இழுத்துக்கிட்டாரு.

"வேணாங்க, நனைக்காதீங்க!"

"கைய நீட்டுங்க. பன்னெண்டு நாளாத் தண்ணி படாத கை, முதல்ல கழுவணும். தெரியாமப் போட்டது கழண்டு வரட்டும். இப்ப தெரிஞ்சே போடுறேன், அதே முடிச்ச."

அவரு கைய நீட்டுனாரு.